அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகத்தில் மின்விசிறி ஓடியும் வேர்த்தது. இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சாம்பிராணி வாசனையும் வாசலில் வடை போடுகிறவரின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. பங்குப் பேரவை உறுப்பினர்கள் எட்டுப் பேர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் பங்குத்தந்தை. எல்லோருக்கும் எதிரே, தனி நாற்காலியில், என் அப்பா சவரிமுத்து.

அப்பா பெந்தெகொஸ்தே சபைக்காரர். அன்று பாதி ஆராதனையில் எழுந்து நேராக இங்கே வந்திருந்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படி எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மடியில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் பைபிள். ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். எழுபத்தாறு வயதில் பரீட்சை எழுத வந்தவரைப் போல இருந்தது. நான் கதவோரம் நின்றேன்.

பேரவைச் செயலாளர் பீட்டர் சார்தான் தொடங்கினார். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சவரிமுத்தண்ணே, இருவது வருசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல நீங்க. இன்னைக்கி என்ன விசயமா வந்திருக்கீக?"

"ஒரு எடம் கேட்டு வந்திருக்கேன்."

"என்ன எடம்?"

"படுக்கத்தான். கல்லறையில, எம் பொண்டாட்டி பக்கத்துல."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கொட்டாம்பட்டி மண்

அதற்கு மூன்று வாரம் முன்பு அப்பாவின் நண்பர் மோசஸ் இறந்துபோனார். கப்பலூர் தொழிற்பேட்டையில் போல்ட் நட்டு தயாரிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் இருவரும் முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அப்பாவைச் சபைக்கு முதலில் கூட்டிப்போனவரும் அவர்தான்.

சபை என்றால் கோபுரமும் மணியும் உள்ள கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டைல்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஒரு ஹால். பாட்டு, கைதட்டல், கண்ணீர், சாட்சி எல்லாம் அங்கே உண்டு. கல்லறைத் தோட்டம் மட்டும் கிடையாது. கத்தோலிக்கருக்கு அவர்கள் கல்லறை, சி.எஸ்.ஐ.காரர்களுக்கு அவர்கள் கல்லறை. மாடி ஹாலில் ஜெபிப்பவர் இறந்தால், உறவுக்காரர்கள் அங்கிட்டும் இங்கிட்டும் அலைய வேண்டியதுதான்.

மோசஸ் மாமாவின் உடல் ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் காத்திருந்தது. கடைசியில் கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவருடைய மச்சினன், தன் தோட்டத்தில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். மச்சினன் குடும்பம் இந்துக் குடும்பம். "எங்கக்கா புருசன் எங்க தோட்டத்துல இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிக் குழியையும் அவரே நின்று வெட்ட வைத்தாராம்.

அன்று சாயங்காலம் பழங்காநத்தம் வீட்டுக்குத் திரும்பிய அப்பா காலைக் கழுவவில்லை. செருப்பிலும் வேட்டிக் கரையிலும் செம்மண். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். ஆறி ஏடு கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோசஸ் ஒத்தையில கெடக்கான் ஸ்டெல்லா. சுத்தி கத்திரிச் செடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைய ஒங்கம்மா பக்கத்துல வைப்பாகளானு ஃபாதர்ட்ட கேட்டுப் பாக்குறியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா லூர்து மேரி கத்தோலிக்கராக வாழ்ந்து, கத்தோலிக்கராக அடக்கமானவர். அவர் இறந்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பா என்னை ஆட்டோவில் கூட்டிப் போவார். ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்வார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் கூடாது. உள்ளே நான் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டு வரும்வரை வேப்பமர நிழலில் நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்தே எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பாதிப் பேருக்கு அவர்மேல் கசப்பு. இருந்தாலும் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன்; ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடும்போது அவரே வந்து கேட்கட்டும் என்றார்.

ஒரு வீடு, மூன்று கோயில்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றவள். என் கணவர் ஜெயசிங் சி.எஸ்.ஐ. அம்மா போனபிறகு நாங்கள் திருநகர் வீட்டைக் காலிசெய்துவிட்டு அப்பாவோடு வந்து இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூன்று பேரும் குளித்து, இஸ்திரி போட்ட துணி உடுத்தி, ஒரே கதவைப் பூட்டிவிட்டு மூன்று திசையில் போவோம். நான் கோயிலுக்குப் போகிறேன் என்பேன். ஜெயசிங் சர்ச்சுக்கு என்பார். அப்பா சபைக்கு என்பார். எனக்குப் பூசை, மற்ற இருவருக்கும் ஆராதனை. நான் ஃபாதர் என்பவரை அவர் ஐயர் என்பார், அப்பா பாஸ்டர் என்பார். எங்கள் ஆர்.சி. பைபிளில் ஏழு புத்தகம் கூடுதல். சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தை நான் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்குவதற்குள் அப்பா 'ஸ்தோத்திரம்' சொல்லி முடித்திருப்பார். ஜெயசிங் யாரோடும் சேராமல் கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். ரசம் மூவருக்கும் ஒன்றுதான்.

ஊரில் எங்களைப் பார்த்து, "நீங்க ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?" என்று கேட்பார்கள். ஆர்.சி.யும் கிறிஸ்டியன்தான் என்று விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜெயசிங்கோடு என் கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பாவே, "கிறிஸ்டியன் வீட்டுலயா பொண்ணக் குடுக்குறது?" என்று குதித்தவர். அப்போது அவர் தீவிர ஆர்.சி. செபமாலை இல்லாமல் சட்டை போடமாட்டார்.

அப்பா கோயிலை விட்டுப் போன கதையில் குடி இருக்கிறது. கப்பலூரில் வேலை முடிந்தால் நேரே கடை. சம்பளத்தன்று அம்மா நிலைப்படியிலேயே நிற்பார். நாகைப் பக்கத்து மாதா கோயிலுக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் கூட்டிப் போய் நேர்ந்து பார்த்தார். நடக்கவில்லை. ஒருநாள் மோசஸ் மாமா அப்பாவைத் தன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப் போனார். அங்கே என்ன நடந்தது என்று அப்பா இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. "அழுதேன், அம்புட்டுத்தான்" என்பார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. சில மாதங்களில், தோட்டத்துத் தொட்டி ஒன்றில் முழுகி எழுந்து, மறுபடி ஞானஸ்நானம் எடுத்தார்.

நான் அழுதுகொண்டு அம்மாவிடம் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எந்த வாசல் வழியாப் போனா என்னடி? மனுசன் நேரா நடந்து வீட்டுக்கு வாராருல்ல" என்றார்.

மாதா சிலை

அம்மாவால் தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். வீட்டில் ஒரு முழ உயர மாதா சிலை இருந்தது. அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது. சுரூபம் வைத்துக் கும்பிடுவது விக்கிரக ஆராதனை, வீட்டில் இருக்கக் கூடாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் அந்தச் சிலை வீட்டில் இல்லை. மறுநாள் முதல் அம்மா தினமும் சாயங்காலம் நாலு வீடு தள்ளியிருக்கும் ஆரோக்கியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார். சிலை அங்கே இருந்தது. அப்பா அதைக் கிருதுமால் வாய்க்காலில் எறியப் போனார், அம்மா பறித்துக்கொண்டு ஓடிப்போய் ஆரோக்கியம் வீட்டில் சேர்த்தார் என்று பங்கு முழுக்கப் பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மாவிடம் கேட்டால், "அதான் பத்திரமா இருக்குல்ல, விடு" என்பார். அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"பெறகு எங்க கல்லறை எதுக்கு?"

அலுவலக அறையில் அந்தச் சிலைதான் முதலில் வந்தது.

"மாதாவ வாய்க்காலுக்குத் தூக்கிட்டுப் போன கை" என்றார் ஓர் உறுப்பினர், அப்பாவைப் பார்க்காமல்.

அப்பா ஜிப்பை இழுத்து மூடினார்.

பீட்டர் சார் கேட்டார்: "கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஒங்க சபையில, ஆர்.சி.காரவுக எல்லாம் ரட்சிக்கப்படாதவுக, நரகத்துக்குப் போவாகன்னுதான் சொல்லிக் குடுக்குறாக. பெறகு எங்க கல்லறை மட்டும் எதுக்கு?"

நியாயமான கேள்வி. எனக்கே அது தோன்றியிருந்தது. அப்பா தலையைத் தூக்கினார்.

"அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாக. மத்தவுகளப் பத்தியெல்லாம் நான் ரொம்ப யோசிச்சதில்ல. லூர்து மேரியப் பத்தி மட்டும் அத நம்ப முடியல, சார். அவ செத்த அன்னைக்கே பாஸ்டர்ட்ட கேட்டேன். கர்த்தருக்குத் தெரியும்னாரு. எனக்கும் தெரியும். அவளோட குடும்பம் நடத்துனவன் நான்."

பங்குத்தந்தை நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். பழைய பதிவேடு ஒன்றை முன்னால் எடுத்து வைத்திருந்தார். "ஒங்க பேரு இதுல இருக்கு. கொழந்தையில திருமுழுக்கு வாங்கியிருக்கீங்க" என்றார்.

"நான்தான் திரும்ப எடுத்துட்டேனே ஃபாதர். தொட்டியில முங்கி."

"அது ஒங்க நம்பிக்கை. எங்களுக்கு ஒருதரம் ஊத்துன தண்ணி போதும். அத அழிக்க முடியாது. சி.எஸ்.ஐ.ல வாங்கிட்டு இங்க வந்தாலும் நாங்க மறுபடி ஊத்த மாட்டோம்."

"அப்ப நான் முங்குனது கணக்குல இல்லையா?" அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பச்சப்புள்ள தலையில ஊத்துனது எனக்கெப்பிடித் தெரியும்?"

"ஒங்களத் தூக்கிட்டு வந்தவங்களுக்குத் தெரியும்ல."

பீட்டர் சார் ஒரு வழி சொன்னார். தாய்த் திருச்சபைக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று அப்பா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்க வேண்டும். பிறகு யாரும் வாய்திறக்க முடியாது. வெள்ளைத் தாளும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன.

போட்டுவிடுங்கப்பா என்று கத்தத் தோன்றியது. ஒரு கையெழுத்துத்தானே.

அப்பா தாளை எடுத்துப் பார்த்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"என்னையக் குடியில இருந்து தூக்கிவிட்ட எடம் அது. அத இல்லைனு எழுதிக் குடுத்துட்டு எப்பிடிப் படுக்குறது? பொய் சொல்லிட்டு அவ பக்கத்துல போனா, அவளே தள்ளிப் படுன்னுருவா." எழுந்துவிட்டார். "ஒங்களச் சங்கடப்படுத்திட்டேன். வாரேன் ஃபாதர்."

ஆரோக்கியம் அக்கா பேசியது

"ஒக்காருங்கண்ணே" என்று ஒரு குரல்.

பங்குப் பெண்களின் மாதா சபைத் தலைவி என்ற முறையில் ஆரோக்கியம் அக்காவும் பேரவையில் இருந்தார். பருத்த உடம்பு, மூட்டுவலி. அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு இவுக எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக. பரவாயில்ல, நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்" என்றார்.

"ஆரோக்கியம், வேணாம்" என்றார் அப்பா.

"சும்மா இருங்க. மாதாவ யாரும் வாய்க்காலுக்குக் கொண்டு போகல. லூர்து பறிச்சுக்கிட்டு ஓடியாரவும் இல்ல. ஒரு மத்தியானம் இவுகதான் லூர்து சேலையில சுத்தி, புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாக. 'எனக்கு இது வேணாம் ஆரோக்கியம். ஆனா அவளுக்கு வேணும். ஒங்க வீட்டுல இருந்தா அவ வந்து பாத்துக்கிருவா'ன்னு சொல்லிக் குடுத்தாக. ஒடச்சுப் போடாமக் குடுத்தது தெரிஞ்சா சபையில வருத்தப்படுவாக, யாருட்டயும் சொல்லாதீகன்னாக. லூர்துக்குத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

அறையில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் பைபிள் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை இருக்குல்ல. பன்னெண்டு வருசம், நாங்க செபமாலை சொல்லி முடிக்கிற வரைக்கும் இவுக அங்க ஒக்காந்திருப்பாக. ஒரு டீய முக்கா மணி நேரம் குடிக்கிற மனுசன நீங்க பாத்திருக்கீகளா? நாங்க கடைசிப் பாட்டு எடுத்தா எந்திரிச்சிருவாக. லூர்து வெளிய வந்தா இருவதடி பின்னாலயே நடந்து வீட்டுக்குப் போவாக. தெருவுல நாய் ஜாஸ்தி. லூர்துக்கு நாய்ன்னா பயம்."

எனக்குக் கண் மறைத்தது. மாதாவை வாய்க்காலில் எறியப் போனதாக நினைத்து, இந்த மனிதரை எத்தனை வருஷம் மனத்துக்குள் வைதிருக்கிறேன்! ஒரே வீட்டில் சோறு போட்டுக்கொண்டே வைதிருக்கிறேன்.

பீட்டர் சார் அந்தத் தாளை எடுத்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் அது தெரியாமப் பேசிட்டேண்ணே" என்றார்.

பங்குத்தந்தை பதிவேட்டை மூடினார். "அது லூர்து மேரி அம்மாவோட குடும்பக் கல்லறை. அவங்க கணவருக்கு அதுல எடம் உண்டு. கடிதமெல்லாம் வேணாம். ஆயர் இல்லத்துக்கு நான் எழுதி அனுமதி வாங்குறேன். ஒங்க பாஸ்டரே வந்து ஜெபம் பண்ணட்டும். நானும் வந்து நிப்பேன். துக்க மணி அடிக்கலாமா?"

"அடிங்க ஃபாதர். எனக்கா கேக்கப் போகுது?" என்றார் அப்பா.

"மெழுகுவத்தி?" என்றார் ஆரோக்கியம் அக்கா.

"அது வேணாம்."

"நான் ஏத்துவேன். நீங்க எந்திரிச்சு வந்து அணைங்க பாப்பம்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். வெளியே வந்தபோது வடைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஆறு வடையையும் அப்பாவே வாங்கினார்.

பாஸ்டர் வந்தார்

சபையில் இது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். மறைக்க வேண்டாம் என்று அப்பாவே பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், சிலை விஷயம் உட்பட. இரண்டு நாள் கழித்துப் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பிரதர், அந்தச் சிலைய நீங்க குடுத்தது எனக்கு ஒப்புதல் இல்ல. அத நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"சொல்லுங்க பாஸ்டர்" என்றார் அப்பா.

"சொல்லிட்டேன்." ஜெயசிங் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு மெதுவாக, "மோசஸ் பிரதர கத்திரித் தோட்டத்துல வச்சிட்டு வந்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. எனக்கும் அங்க ஒரு எடம் கெடைக்குமானு அந்த ஃபாதர்ட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஜெயசிங் தன் பங்குக்கு, "எங்க கல்லறையிலயும் கேட்டுப் பாக்கலாம் பாஸ்டர், எங்க ஐயரு நல்லவருதான்" என்றார். மூன்று பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு உழக்கு அரிசி சேர்த்துப் போட்டேன்.

முதல் நாள்

அந்த வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் காலை, சுத்தம் செய்ய நான் கிளம்பினேன். எல்லாக் குடும்பமும் அன்றைக்குத்தான் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடிக்கும். அப்பாவும் ஒரு துணிப்பையோடு கூட வந்தார். வழக்கம்போல வேப்பமரத்தடியில் நிற்பார் என்று நான் உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

அம்மாவின் தலைமாட்டு இரும்புச் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மழையில் துருவேறி, அடியில் இருந்த போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஸ்பேனரும் எண்ணெய்ப் புட்டியும் வெளியே வந்தன.

"சாஞ்சு இருந்தா ஒங்கம்மாவுக்குப் புடிக்காது" என்றார்.

துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஒரு கண்ணை மூடி நேர்பார்த்து, இரண்டு போல்ட்டையும் முடுக்கினார். சிலுவை நிமிர்ந்தது. பக்கத்துக் கல்லறையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்களுதும் ஆடுது. கொஞ்சம் பாக்குறீகளா?" என்றார். அப்பா எழுந்து போனார். அதை முடிப்பதற்குள் அடுத்த வரிசையிலிருந்து ஒருவர். வெயில் ஏறிவிட்டது. போதும், வாங்கப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். காதில் வாங்கவில்லை. கையெல்லாம் துரு, நெற்றியெல்லாம் வேர்வை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பதினைந்தாவதோ பதினாறாவதோ கல்லறையில், மாமியாரின் சிலுவையைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்த இளம்பெண் ஒருத்தி அவருக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் போல.

"ஒங்கள கோயில்ல பாத்த மாதிரியே இல்லையே. நீங்க எந்தப் பங்குங்கய்யா?" என்று கேட்டாள்.

அப்பா அண்ணாந்து தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். ஸ்பேனரால் எங்கள் வரிசைப் பக்கம் காட்டினார்.

"லூர்து மேரி வீட்டுக்காரன்மா நான்" என்றார்.